அச்சுக்குப் போவதற்கு முன்னால் சொல்லுங்கள்

தமிழில் கதை எழுதுகிற பெரும்பாலானவர்களுக்கு எடிட்டர் என்று ஒருவர் கிடையாது. பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்ப்பவர் இருப்பார். விட்டுப்போன ஒற்றையும், இடம் மாறிய ரகர றகரத்தையும் அவர் திருத்துவார். இந்த மூன்றாவது அத்தியாயம் எதற்கு, அத்தை ஏன் பாதிக் கதையில் காணாமல் போனாள், முடிவை ஏன் இவ்வளவு அவசரமாக மூடியிருக்கிறீர்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஆள் இல்லை. விதிவிலக்குகள் உண்டு. 1974இல் தொடங்கிய க்ரியா பதிப்பகத்தில் அதன் நிறுவனர் எஸ். ராமகிருஷ்ணன் (அதே பெயரில் நாவல் எழுதுகிறவர் வேறு) பிரதியைச் செம்மைப்படுத்துவதையே பெரிய வேலையாகச் செய்தார். அவர் மறைந்து சில ஆண்டுகள் ஆன பிறகும் எடிட்டிங் என்றால் அந்தப் பெயரைத்தான் சொல்கிறோம். அப்படிச் சொல்ல நம்மிடம் அதிகப் பெயர்கள் இல்லை. மற்றபடி, எழுதியவர் கொடுத்தது கொடுத்தபடி அச்சாகிறது.

அதனால் இங்கே அந்த வேலை நம்மோடு எழுதுகிற நண்பர்கள் மேல் விழுகிறது. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி. தீபாவளி நெருங்கும்போதே வரைவுகள் வரத் தொடங்கிவிடும். "படிச்சுட்டு மனசுல பட்டதச் சொல்லுங்க, எதுவா இருந்தாலும் பரவாயில்ல" என்று ஒரு வரி கூடவே வரும். அந்த வரியை நான் முழுசாக நம்புகிறேன். எதுவாக இருந்தாலும் தாங்கிக்கொள்வார்கள் என்று அதற்குப் பொருள் அல்ல. அனுப்புகிறவருக்கு உள்ளுக்குள் எங்கேயோ ஒரு சந்தேகம் இருக்கிறது, அதைத் தனியாகத் தீர்த்துக்கொள்ள முடியவில்லை, அதனால் அனுப்புகிறார். அதற்கு "அருமை, வாழ்த்துகள்" என்று பதில் போடும்போது அந்தச் சந்தேகத்தோடு அவரை அப்படியே விட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

மூன்று தொகுப்புகள் வெளியிட்ட ஒருவரை எனக்குத் தெரியும். நல்ல கண், நல்ல காது. பேச்சுமொழியை அவ்வளவு துல்லியமாக எழுதுவார். ஆனால் ஒவ்வொரு கதையின் கடைசிப் பத்தியிலும், அதுவரை நாம் பார்த்ததற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று அவரே விளக்கிவிடுவார். முதல் தொகுப்பில் இருந்த இந்தப் பழக்கம் மூன்றாவதிலும் அப்படியே இருக்கிறது. நடுவில் மூன்று வெளியீட்டு விழாக்கள் நடந்தன, பேசியவர்கள் எல்லோரும் எழுதுகிறவர்கள், எல்லோரும் அதைக் கவனித்திருந்தார்கள். விழா முடிந்து வெளியே டீக்கடையில் அதைத்தான் பேசிக்கொண்டார்கள். மேடையில் சொல்லியிருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. புத்தகம் வெளியாகும் நாளில் அதைச் சொல்லிப் பயனும் இல்லை. அதற்கு ஆறு மாதம் முன்னால், கோப்பு இன்னும் அவர் கணினியில் இருந்தபோது, ஒருவராவது சொல்லியிருக்கலாம்.

ஏன் சொல்வதில்லை? உறவு கெட்டுவிடும் என்ற பயம் ஒன்று. நாளைக்கு என் கதைக்கு அவர் என்ன சொல்வாரோ என்பது இன்னொன்று. இவை எல்லோருக்கும் தெரிந்தவைதான். எனக்கு இன்னொரு காரணமும் தோன்றுகிறது. நம் நினைவில் இருக்கும் விமர்சகர்களே அப்படிப்பட்டவர்கள். "குட்டுதற்கோ பிள்ளைப் பாண்டியன் இங்கில்லை" என்று தொடங்கும் தனிப்பாடல் பலருக்குத் தெரிந்திருக்கும். தப்பாகப் பாடினால் தலையில் குட்டப் பிள்ளைப் பாண்டியன், காதை அறுக்க வில்லிபுத்தூரார், தலையையே வெட்ட ஒட்டக்கூத்தர். இவர்கள் யாரும் இப்போது இல்லாததால் கண்டவரெல்லாம் கவிஞர் என்று திரிகிறார்கள் என்று அந்தப் பாட்டு வருத்தப்படுகிறது. அருணகிரிநாதர் வந்து வில்லிபுத்தூராரை வென்ற பிறகுதான் காதறுப்பது நின்றது என்று கதை.

இன்னொரு பக்கம் சீத்தலைச் சாத்தனார். பிறர் பாட்டில் பிழை காணும்போதெல்லாம், அதை வெளியே சொல்ல மனமில்லாமல், எழுத்தாணியால் தன் தலையிலேயே குத்திக்கொள்வாராம். திருக்குறள் வந்த பிறகுதான் அவருடைய தலைக்குத்து தீர்ந்தது என்று திருவள்ளுவமாலையில் ஒரு வெண்பாவே இருக்கிறது. இதில் எதுவும் வரலாறு இல்லை, கட்டுக்கதைகள்தான். ஆனாலும் இந்த இரண்டு வகை ஆட்களையும் இன்றைக்கும் பார்க்கிறேன். ஒருவர் வெட்டுகிறார், இன்னொருவர் பேசாமல் தன்னையே குத்திக்கொள்கிறார். காது போன புலவருக்கும் சரி, சாத்தனார் வாய் திறக்காததால் தப்பித்த புலவருக்கும் சரி, தன் பாட்டில் எந்த அடி பிசகியது என்று கடைசிவரை தெரிந்திருக்காது.

ஆனால் தெரியப்படுத்துவதற்கான கருவி நம்மிடம் இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரத்திலேயே நூலுக்கு வரக்கூடிய பத்துக் குற்றங்கள் வரிசையாக இருக்கின்றன. பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிட்டோம். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் என்று போகும். பவணந்தி சொன்னது சாத்திர நூல்களுக்கு, சிறுகதைக்கு அல்ல. அது எனக்கும் தெரியும். ஆனாலும் ஒரு வரைவைப் படிக்கும்போது இந்தப் பத்தும் எனக்கு அவ்வளவு உதவுகின்றன.

காரணம் எளிது. பத்தில் ஒன்றுகூட எழுதியவரைப் பற்றியது இல்லை. அறிவில்லாதவர், ஆழமில்லாதவர், அனுபவம் போதாதவர் என்று எதுவும் அங்கே கிடையாது. எல்லாமே பக்கத்தில் விரல் வைத்துக் காட்டக்கூடிய விஷயங்கள். யார் பேசுகிறார்கள் என்று தெரியாமல் உரையாடல் போகிறதா, அது மயங்க வைத்தல். முதியோர் இல்லத்துக் கதையில் திடீரென்று உலகமயமாக்கலைப் பற்றி ஒன்றரைப் பக்கம் வருகிறதா, மற்றொன்று விரித்தல். இரண்டாம் பக்கத்தில் தம்பிக்குப் பன்னிரண்டு வயது, ஏழாம் பக்கத்தில் அதே கோடை விடுமுறையில் அவன் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறானா, மாறுகொளக் கூறல். வரிகள் அழகாக ஓடுகின்றன, பத்தியை எடுத்துவிட்டால் எதுவும் குறையவில்லை என்றால் வெற்றெனத் தொடுத்தல். எனக்கு மிகவும் பிடித்தது ஒன்பதாவது: சென்று தேய்ந்து இறுதல். பிரமாதமாகத் தொடங்கி, நடுவில் மெலிந்து, எங்கேயோ கரைந்துபோவது. இன்றைக்கு வரும் நாவல் வரைவுகளில் பாதிக்கு மேல் இந்தக் குற்றம்தான் இருக்கிறது. முதல் ஐம்பது பக்கத்தை எழுதியவர் ஓராண்டு எழுதியிருப்பார், கடைசி ஐம்பதைப் புத்தகக் காட்சிக்காகப் பத்தே நாளில் முடித்திருப்பார். படிக்கும்போதே தெரிந்துவிடும்.

பெயர் வைத்துச் சொன்னால் சண்டை குறைகிறது என்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். "உங்க நாவல் சுமார்தான்" என்று சொன்னால் அதற்கு அவர் என்ன செய்வார்? மறுக்கலாம், வருத்தப்படலாம், அவ்வளவுதான். "பத்தாவது அத்தியாயத்திலிருந்து சென்று தேயுது, அங்க என்ன அவசரம்?" என்றால் அவர் பத்தாவது அத்தியாயத்தைத் திறந்து பார்ப்பார்.

இந்த இடத்தில் சி.சு. செல்லப்பாவைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1959 ஜனவரியில் அவர் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கினார். வியாபாரமாகப் பார்த்தால் நடத்தவே முடியாத பத்திரிகை. 1970வரை எப்படியோ இழுத்துக்கொண்டு வந்தார். புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். புதுக்கவிதைக்கு இடம் கொடுத்த பத்திரிகை என்றுதான் அதைப் பெரும்பாலும் நினைவுவைத்திருக்கிறோம். அவர் விமர்சனத்துக்காகவும் அதே அளவு கஷ்டப்பட்டார் என்பது பின்னால் போய்விட்டது. அவருடைய முறைக்கு அலசல் விமர்சனம் என்று பெயர். ஒரு கதையை எடுத்தால் அதன் கட்டுமானம், சொல், கோணம், எந்த இடத்தில் எது திரும்புகிறது என்று பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்ப்பார். படிக்க எப்போதும் சுவாரசியமாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். சில இடங்களில் மிக நீளம்.

செல்லப்பாவைப் போலவே 1912இல் பிறந்தவர், அவருடைய நண்பர், க.நா. சுப்ரமண்யம். அவர் வழி வேறு. தேர்ந்த வாசகனின் ரசனைதான் அளவுகோல், அது நல்லது என்றால் நல்லது, இல்லை என்றால் இல்லை. விளக்கிக்கொண்டு உட்கார மாட்டார். பட்டியல் போடுவார். அந்தப் பட்டியல்களால் எத்தனையோ பேர் கோபப்பட்டார்கள். எத்தனையோ நல்ல எழுத்தாளர்களை வாசகர்கள் கண்டுபிடித்ததும் அந்தப் பட்டியல்களால்தான். வாசகருக்கு க.நா.சு. தந்ததைச் செல்லப்பா தந்திருக்க முடியாது என்று நினைக்கிறேன். ஆனால் எழுதுகிற ஒருவர் தன் வரைவை இன்னொருவரிடம் கொடுக்கும்போது அவருக்கு வேண்டியது செல்லப்பாதான். தன் கதை பட்டியலில் உண்டா இல்லையா என்று தெரிந்துகொண்டு அவர் நாளைக் காலையில் உட்கார்ந்து எதைத் திருத்துவார்? நாம் இப்போது பெரும்பாலும் பட்டியல் பாணியிலேயே பேசுகிறோம். ஒன்று மேலே வைக்கிறோம், இல்லையென்றால் கீழே.

நான் செய்வது இவ்வளவுதான். முதல் தடவை படிக்கும்போது கையில் பேனா வைத்துக்கொள்வதில்லை. சாதாரண வாசகனாகப் படிக்கிறேன். எங்கே வேகமாகப் போனேன், எங்கே இரண்டு வரியைத் தாண்டிக் கண் ஓடியது, எங்கே திரும்பிப் போய்ப் பெயரைச் சரிபார்த்தேன் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறேன். அடுத்த நாள் இரண்டாம் தடவை. அப்போதுதான் அந்த இடங்களில் என்ன இருக்கிறது என்று தேடுகிறேன். எழுதியவரிடம் சொல்லும்போது தீர்ப்பைச் சொல்வதில்லை, நடந்ததைச் சொல்கிறேன்: "அண்ணன் ஊரை விட்டுப் போறான்னு தெரிஞ்சதுமே எனக்கு மீதிக் கதை தெரிஞ்சுடுச்சு." இதை அவர் மறுக்க வேண்டியதில்லை. எனக்கு அப்படி நடந்தது, அவ்வளவுதான். நாலைந்து பேருக்கு அதே இடத்தில் அதே மாதிரி நடந்தால் அவர் யோசிப்பார்.

எல்லாக் குறையையும் ஒரே மூச்சில் சொல்வதும் கூடாது. முதல் கதை எழுதியவரிடம் இருபது குறிப்புகளை நீட்டினால் எது முக்கியம் என்று அவருக்குத் தெரியாமல் போய்விடும். எதைச் சரிசெய்தால் மற்ற பாதி தானாகச் சரியாகுமோ அந்த ஒன்றைத் தேட வேண்டும். தேட நேரம் பிடிக்கும். ஆனால் இந்த வேலையில் நேரம் தவிர நாம் கொடுப்பது வேறு எதுவும் இல்லை.

முதலில் ஒரு பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் மறுபடி ஒரு பாராட்டு என்று வைத்துக் கொடுக்கச் சொல்கிறார்கள் சிலர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த ஏற்பாடு கேட்பவருக்கு உடனே புரிந்துவிடும், பாராட்டு எதுவும் காதில் ஏறாது. நல்ல இடத்தை நல்லது என்று சொல்வது குறையைச் சொல்வதை மெதுவாக்குவதற்காக இருக்கக் கூடாது. எது வேலை செய்கிறது என்பது எழுதியவருக்கே பல சமயம் தெரியாது. அதைச் சொல்வதும் விமர்சனத்தில் பாதி.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு அண்ணாச்சி, தபால் துறையில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர், ஒரு கதை அனுப்பியிருந்தார். தபால்காரர் ஒருவரின் கடைசி வேலைநாள். முதல் மூன்று பக்கமும் கடிதம் எழுதும் பழக்கம் போய்விட்டதே என்ற வருத்தம். நாலாவது பக்கத்தில் பத்தே வரி. முதியோர் உதவித்தொகை மணியார்டர் கொண்டுபோகும்போது ஒரு பாட்டி கைநாட்டு வைக்கிறாள். மைவிரலைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டே, "மவன் கேட்டா எம்பது ரூவா கொறச்சுச் சொல்லிரு" என்கிறாள். அவர் தலையாட்டுகிறார். அதோடு அந்த இடம் முடிந்து, கதை மறுபடி வருத்தத்துக்குப் போய்விடுகிறது.

போனில் சொன்னேன். "அண்ணாச்சி, அந்தப் பாட்டி வந்ததும் நிமிர்ந்து உக்காந்துட்டேன். அதுக்கு முன்னாடி மூணு பக்கமும் நீங்க சொல்லிக்கிட்டே இருக்கீங்க, நான் கேட்டுக்கிட்டே இருக்கேன். கதை நாலாம் பக்கத்துலதான் இருக்கு."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் சொன்னார்: "அந்த மூணு பக்கத்தத்தான தம்பி நான் கஷ்டப்பட்டு எழுதினேன். பாட்டி சும்மா வந்தா."

பின்னால் பாட்டியை வைத்து அவர் தனியாக ஒரு கதை எழுதினார். மிக நல்ல கதை. பழைய கதையிலும் கைவைக்கவில்லை, இரண்டும் தொகுப்பில் இருக்கின்றன. அந்த மூன்று பக்கம் தேவையில்லை என்றுதான் இப்போதும் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அது அவர் பெயரில் வரும் புத்தகம். நான் பார்த்ததைச் சொன்னேன், அதோடு என் பங்கு முடிந்தது. சொன்னபடி திருத்தவில்லை என்று கோபித்துக்கொள்கிற நண்பர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் அடுத்தவர் கதையைத் தாங்களே எழுத ஆசைப்படுகிறார்கள்.

விமர்சகர் கை வைக்கக் கூடாத இடங்களும் உண்டு. முதலாவது வட்டார வழக்கு. கம்பன் துளி என்ற பொருளில் 'துமி' என்று எழுதியதற்கு அப்படி ஒரு சொல் வழக்கிலேயே இல்லை என்று ஒட்டக்கூத்தர் மறுத்ததாகவும், இடையர் தெருவில் தயிர் கடைந்துகொண்டிருந்த ஒரு பெண் தன் பிள்ளைகளிடம் துமி தெறிக்கும், தள்ளிப்போங்கள் என்று சொன்னதைக் கேட்டு வாயடைத்துப்போனதாகவும் ஒரு கதை உண்டு. இது கதை. ஆனால் இலங்கையில் 1960களின் தொடக்கத்தில் உண்மையாகவே நடந்தது. ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்த டொமினிக் ஜீவா, டானியல் போன்றவர்களும் மற்ற முற்போக்கு எழுத்தாளர்களும் தங்கள் மக்களின் பேச்சைக் கதைக்குள் கொண்டுவந்தபோது, மரபைக் காப்பதாகச் சொன்ன பண்டிதர் தரப்பு அதை இழிசனர் வழக்கு என்றது. மரபுப் போராட்டம் என்றே அதற்குப் பெயர் வந்தது. மொழிநடை சரியில்லை என்று சொல்லிக்கொண்டே, யார் எழுதலாம், யாரைப் பற்றி எழுதலாம் என்பதைத்தான் பேசினார்கள். ஒரு சொல் எனக்குப் புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. அதைத் தவறு என்று அடிக்க உரிமை இல்லை. கரிசல் காட்டிலும் நாஞ்சில் நாட்டிலும் மட்டக்களப்பிலும் பேசுகிறவர்களிடம் கேட்காமல் யாரும் சிவப்பு மையை எடுக்கக் கூடாது.

இரண்டாவது, பெண்கள் எழுதும் கதைகள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. ஒரு பெண் தன்னிலையில் ஒரு கதை எழுதி அனுப்பினால் முதலில் வரும் கேள்வி, "இது உங்க வீட்டுல நடந்ததா?" கதையின் கட்டமைப்பைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. இல்லையென்றால் "துணிச்சலா எழுதியிருக்கீங்க" என்று முடித்துவிடுவார்கள். துணிச்சல் இருக்கட்டும், அந்த இரண்டாவது பகுதி ஏன் வேகம் குறைகிறது என்று யாராவது சொல்ல வேண்டாமா? ஆண் எழுதிய வரைவை வரிவரியாகப் பார்ப்பவர்கள் அதே உழைப்பை இங்கே தர மறுப்பது மரியாதை ஆகாது. என் தோழி ஒருவர் தன் கதைகளை எழுதியவர் பெயர் இல்லாமல் வேறொருவர் மூலம் எங்களுக்கு அனுப்பிப் பார்த்தார். வந்த குறிப்புகள் நீளமாக இருந்தன, உருப்படியாகவும் இருந்தன. அவர் அதை எங்களிடம் சொன்னபோது யாராலும் பதில் பேச முடியவில்லை.

வெட்டுகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். "நான் மனசுல பட்டத மூஞ்சிக்கு நேரா சொல்லிருவேன்" என்று பெருமைப்படுகிறவர்கள். அவர்கள் குறிப்பை எடுத்துப் பாருங்கள். பக்க எண் இருக்காது, வரி இருக்காது. உலக இலக்கியத்திலிருந்து நாலு பெயர் இருக்கும், அவர்களோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை என்று இருக்கும். பாதிதான் படித்திருப்பார்கள், பல சமயம் அது தெரிந்தும்விடும். நேர்மை என்பது குரலில் இல்லை, எவ்வளவு கவனமாகப் படித்தோம் என்பதில் இருக்கிறது. முழுக்கப் படிக்காத பாராட்டும் முழுக்கப் படிக்காத வசையும் எனக்கு ஒன்றுதான்.

என் வரைவை நான் அனுப்பும்போது இப்போதெல்லாம் 'எப்படி இருக்கிறது' என்று கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு நல்ல மனிதர்களால் பொய்தான் சொல்ல முடியும். அதற்குப் பதிலாக, எந்த இடத்தில் போனைக் கையில் எடுத்தீர்கள் என்று கேட்கிறேன். இதற்குப் பதில் சொல்ல யாரும் தயங்குவதில்லை. போன மாதம் அனுப்பிய கதைக்கு மூன்று பேர் ஆறாம் பக்கத்தைச் சொன்னார்கள், கல்யாண வீட்டுச் சாப்பாட்டுப் பந்தி வரும் இடம். ஒருவர் மட்டும் பந்திதான் பிடித்தது என்றார், அவர் எடுத்தது ஒன்பதாம் பக்கத்தில், மாப்பிள்ளையின் நண்பன் பேசத் தொடங்கும்போது. பந்தியைச் சுருக்குவதா, அந்த நண்பனை எடுத்துவிடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. நாளைக்கு இரண்டையும் எழுதிப் பார்க்க வேண்டும்.